பிள்ளையின் தலையும் நம் நாக்கும்

பெற்றோரே, பைக் வைத்திருக்கும் வாலிபர்களே, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் டொக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "கதிரையால விழுந்திட்டான் டொக்டர்" என்று சொல்கிற வழக்கம் நமது அம்பாறைக் கரையோரத்தில் இருக்கிறது. மாவடிப்பள்ளி, காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று எந்த ஊரையும் தனியே சுட்டவேண்டியதில்லை. காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓட்டியவன் மச்சானின் மகன். அவனிடம் லைசன் இல்லை. உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் வரும், என்ட்ரி போடும், பைக் பொலிஸுக்குப் போகும், சொந்தத்துக்குள் மனக்கசப்பு வரும். ஆகவே ஆஸ்பத்திரி கேற்றைத் தாண்டுவதற்குள் ஓட்டோவுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கிறோம். பிள்ளை மடியில் அரைமயக்கத்தில் கிடக்க, பெரியவர்கள் ஒரு கதிரையை உண்டாக்குகிறோம்.

அந்தக் கதிரை என்ன செய்கிறது என்று பாருங்கள். தலையில் அடிபட்டு வரும் பிள்ளைகளில் யாருக்கு சிடி ஸ்கேன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அமெரிக்காவின் சிறுவர் அவசர சிகிச்சை வைத்தியர்கள் பெரிய ஆய்வொன்று செய்தார்கள். நேதன் கப்பர்மன் என்ற வைத்தியர் முன்னின்றார். 42,412 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அந்த முறையின் பெரும்பகுதி கேள்விகள்தான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? எது மோதியது? மயங்கியதா? சத்தி எடுத்ததா? இரண்டு வயதுக்குக் கீழே என்றால், பிள்ளை வழமைபோல இருக்கிறதா என்று உம்மாவிடமே கேட்பார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூன்றடிக்கு மேலான விழுகை ஆபத்து. அதற்கு மேற்பட்ட வயதுக்கு ஐந்தடி. ஹெல்மட் இல்லாமல் சைக்கிளில் போன பிள்ளையையோ, நடந்து போன பிள்ளையையோ வாகனம் அடித்தால் அதுவும் ஆபத்து. வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டாலும் அப்படித்தான்.

வீட்டுக் கதிரையின் உயரம் எவ்வளவு? பைக்கிலிருந்து எறியப்பட்ட பிள்ளையை நாம் ஒரே வாக்கியத்தில் ஆபத்துக் குறைந்த பிள்ளையாக மாற்றிவிடுகிறோம். டொக்டர் நம் வார்த்தையை டிக்கட்டில் எழுதுகிறார். அதை நம்பி முடிவெடுக்கிறார். ஸ்கேன் தேவையில்லை என்று அவர் நினைத்தால் பிழை அவருடையதல்ல.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ஸ்கேனைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கையில் காசிருந்தால் பிரைவேட்டுக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அந்த 42,412 பிள்ளைகளில் உயிருக்கோ மூளைக்கோ உண்மையான ஆபத்து இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 0.9 வீதம். மற்றப்பக்கம், சிடி என்பது கதிர்வீச்சு. பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் பிள்ளைகளுக்குத் தலையில் சிடி எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கு மேலதிகமாக இரத்தப் புற்றுநோயும் இன்னொரு பிள்ளைக்கு மூளைக்கட்டியும் வரலாம் என்று பிரித்தானிய ஆய்வொன்று 2012இல் கணக்கிட்டது. சிறிய எண்தான், ஆனால் பூச்சியமல்ல. அதனால்தான் "இப்ப எடுக்கத் தேவல்ல, சில மணித்தியாலம் வாட்டில வெச்சுப் பாப்பம்" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் வராதீர்கள். வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான். ஆனால் எடுப்பதா, வைத்துப் பார்ப்பதா என்று அவர் சரியாகத் தீர்மானிக்க வேண்டுமென்றால் நம் வாயிலிருந்து உண்மை வரவேண்டும்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. அதைச் சொல்லவே கூசுகிறது. அடிபட்டது விழுந்ததால் அல்ல, அடித்ததால் என்றால், அடித்தவர் வாப்பாவாக இருக்கட்டும், பாடசாலை ஆசிரியராக இருக்கட்டும், ஓதிக்கொடுப்பவராக இருக்கட்டும், சொல்லுங்கள். கைக்குழந்தையை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வெளியே ஒரு வீக்கமும் இல்லாமல் உள்ளே இரத்தம் கசிகிற இடம் அது. ஊர் மானத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை அமானிதம். அதைத் தந்தவனிடம் கதிரைக் கதை சொல்லித் தப்ப முடியுமா?

அடுத்தது நேரம். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் சேர்கிற காயங்கள் சிலவற்றில் பிள்ளை முதலில் எழும்பிப் பேசும், தண்ணி கேட்கும், சிரிக்கவும் செய்யும். "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல" என்று வீடே மூச்சு விடும். சில மணித்தியாலத்தில் தூக்கம் வருகிறது என்று படுக்கும். பிறகு எழுப்பினால் எழும்பாது. தலையிடி கூடிக்கொண்டு போவது, திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒரு பக்கக் கைகால் தளர்வது, காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிவது, பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் பார்ப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் அந்த நிமிடமே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் பைக்கில் இருவருக்கு நடுவே மடித்து வைத்துக் கொண்டுபோவது இரண்டாவது அநியாயம்.

காயத்தில் கோப்பித்தூள் அப்பாதீர்கள். பொங்கிய இடத்தை எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ஓதிப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்புலன்ஸுக்குள் இருந்தும் ஓதலாம். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, ஓதுகிறவரைத் தேடி ஆள் அனுப்பிக் காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன ஹதீஸை நாமே பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம்.

இனிப் படத்துக்கு வருவோம். ஸ்கேன் எடுத்தாயிற்று, பெரிய கவரில் ஃபிலிம் வந்தாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே: "புள்ள பழையபடி வருவானா?"

சிடி என்ன பார்க்கும்? எலும்பு வெடித்திருக்கிறதா, இரத்தம் கட்டியிருக்கிறதா, மூளை வீங்கி ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். உடனே அறுவைச்சிகிச்சை வேண்டுமா என்று சொல்ல அது போதும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். உயிர் காப்பதற்கு அதைவிட நல்ல கருவி நம்மிடம் இல்லை. ஆனால் தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்திருந்தால், அதைச் சிடி பெரும்பாலும் காணாது. மாவடிப்பள்ளி வயலில் வெள்ளம் வடிந்த பிறகு வீதியில் நின்று பார்ப்பவனுக்கு உடைந்த அணைக்கட்டுத் தெரியும். தண்ணி எந்த வாய்க்காலில் போகாமல் நிற்கிறது என்பது உள்ளே இறங்கி நடக்கிற வட்டவிதானைக்குத்தான் தெரியும். எம்ஆர்ஐ அப்படி உள்ளே இறங்கிப் பார்க்கிற கருவி. அதிலும் பல வகை உண்டு. கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஸ்டீபன் ஆஷ்வால், பார்பரா ஹோல்ஷவுசர் ஆகியோரின் குழு 2003இல் ஏழு பிள்ளைகளின் தலையை இரண்டு விதமாக எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்டது. வழமையான முறையில் தெரிந்த இரத்தக்கசிவுப் புள்ளிகள் 162. இரத்தத்திலுள்ள இரும்பை நுணுக்கமாகக் காட்டும் புதிய முறையில் 1,038. அதே ஏழு பிள்ளைகள்தான். அந்தப் புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றனவோ, அதற்கேற்ப ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துப் பிள்ளைகளின் நிலையும் மாறியிருந்தது என்று அந்தக் குழுவே பின்னர் காட்டியது.

இதைக் கேட்டதும், "அப்ப அந்தப் படத்த எடுத்தாச் சொல்லிரலாமே" என்று தோன்றும். பொறுங்கள். லொஸ் ஏஞ்சலிஸில் எமிலி டெனிஸ், ரொபர்ட் அசர்னோ ஆகியோரின் குழு 2017இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. நடுத்தரமாகவோ கடுமையாகவோ தலையில் அடிபட்ட 21 பிள்ளைகள், அவர்களோடு ஒப்பிட அடிபடாத 20 பிள்ளைகள், எட்டு முதல் பதினெட்டு வயதுவரை. மூளையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் செய்தி கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று தலையில் மின்வாய்கள் பொருத்தி அளந்தார்கள். அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த நேரம் வழமைபோல இருந்தது. மற்றப் பாதிப்பேருக்கு மந்தம். அடிபட்டு இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள் ஒரு படம், பதின்மூன்று முதல் பத்தொன்பது மாதத்துக்குள் இன்னொரு படம் எடுத்துப் பார்த்தபோது, மந்தமாக இருந்தவர்களுக்கு நரம்பு இழைகளின் பழுது அந்த ஒரு வருடத்தில் கூடியிருந்தது. வழமையாக இருந்தவர்களின் நரம்பு இழைகளுக்கும் அடிபடாத பிள்ளைகளுடையவற்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இதில் நமக்குச் செய்தி இருக்கிறது. கடுமையில் ஒரே வகைக்குள் வரும் பிள்ளைகள் இரண்டு வழியில் பிரிந்து போகிறார்கள். அந்தப் பிரிவை அவர்கள் முதல் நாள் படத்தை வைத்துச் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து அளந்து, அதன்பின் ஒரு வருடம் கூடவே நடந்து பார்த்ததில்தான் தெரிந்தது. இருபத்தொரு பிள்ளைகளில் கண்ட போக்கை இருபத்திரண்டாவது பிள்ளையின் நெற்றியில் எழுத எந்த விஞ்ஞானியும் துணியமாட்டான். நாம்தான் துணிகிறோம்.

இரண்டு விதமாகத் துணிகிறோம். "ஸ்கேன் நோர்மல்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பிள்ளையைத் திங்கட்கிழமை பாடசாலைக்கும், செவ்வாய்க்கிழமை டியூஷனுக்கும், வெள்ளிக்கிழமை கிரிக்கெட் மைதானத்துக்கும் அனுப்பிவிடுகிறோம். ஒரு மாதம் கழித்துப் பிள்ளை பாடத்தை மறக்கிறான், சின்ன விசயத்துக்குச் சீறுகிறான், பின்னேரமே களைத்துச் சுருண்டு படுக்கிறான் என்றால், "படத்தில ஒண்டுமில்லண்டு சொன்னாங்களே, இவன் நடிக்கிறான்" என்று கம்பெடுக்கிறோம். சிடியில் ஒன்றுமில்லை என்றால் உடனடி ஆபத்து இல்லை என்பதே பொருள். முதல் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்க, வாசிக்க, வகுப்புக்குப் போக விடுங்கள். டொக்டர் சரி என்று சொல்லும்வரை பந்து, மரமேறல், பைக் எதுவும் வேண்டாம். ஆறாத தலையில் இரண்டாவது அடி விழக்கூடாது.

மற்ற விதம் இதைவிடக் கொடியது. படம் மோசம் என்று காதில் விழுந்ததும் பிள்ளையைக் கைவிடுகிறோம். வாயால் கைவிடுவதில்லை, காலால் கைவிடுகிறோம். கிளினிக் திகதிக்குப் போகமாட்டோம். கைகால் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ பஸ் ஏறுவது வீண் என்போம். "நஸீப் அவ்வளவுதான்" என்று சொல்லி, இருக்கிற காசைத் தம்பியின் படிப்புக்கு ஒதுக்குவோம். ஃபிலிம் கவர் அலுமாரிக்கு மேலே போய்ச் சுருளும். பிறகு கொழும்பில் ஒரு டொக்டர் பழைய படத்தைக் கேட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கவரைத் தட்டையாக வையுங்கள். டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் அதனுடனேயே வையுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்த படங்களை ஒப்பிட்டால்தான் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாட் ரவுண்டில் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சொல்லை, கட்டிலடியில் நிற்கிற உம்மா இரவு முழுக்கப் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். தமிழ் வராவிட்டால், தெரிந்த மிஸ்ஸி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எது தெரியும், எது இன்னும் தெரியாது, மறுபடி எப்போது பார்க்கலாம் என்ற மூன்றையும் பிரித்துச் சொன்னால் அவள் தாங்கிக்கொள்வாள். நம் பெண்கள் சுனாமியைத் தாங்கியவர்கள்.

இனி வட்ஸப். ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து ஃபோனில் படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுகிறோம். கட்டாரிலிருக்கும் மாமா அதைத் தெரிந்த ஃபாமசிக்காரருக்கு அனுப்புகிறார். அவர் ஒரு குரல்பதிவு போடுகிறார்: "மூள கொஞ்சம் டேமேஜ் போல." ஒரு ஃபிலிமில் இருபது முப்பது துண்டுப் படங்கள் இருக்கும். அதில் ஒன்றைச் சரித்துப் பிடித்து எடுத்த ஃபோன் படத்தை வைத்து நரம்பியல் நிபுணர்கூட வாய் திறக்கமாட்டார். மேல் மூலையில் பிள்ளையின் பேரும் வயதும் அச்சாகியிருக்கும். அந்தப் படம் ஒரு கிழமைக்குள் வகுப்பறைக்குப் போய்ச் சேரும். மற்றப் பிள்ளைகள் ஒரு பட்டப்பேர் வைப்பார்கள். பொம்பிளப் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கலியாணப் பேச்சில் யாரோ ஒரு மாமி, "அவளுக்குச் சின்னதில தலையில பழுது எண்டு படத்தில வந்திச்சே" என்று எடுத்து வைப்பாள். பிள்ளை சுகமாகி ஓஎல், ஏஎல் எல்லாம் பாஸ் பண்ணியிருக்கும். படம் மட்டும் சுகமாகாது. அடுத்தவரின் பிள்ளையுடைய மூளையைப் பற்றி ஃபோர்வர்ட் செய்வது கீபத் இல்லாமல் வேறென்ன? உங்கள் ஃபோனில் அப்படி ஒன்று இருந்தால் இதை வாசித்து முடிப்பதற்குள் அழித்துவிடுங்கள்.

எந்தப் படத்திலும் விழாத ஒன்று பிள்ளையின் வீடு. அமெரிக்காவின் ஒஹாயோவில் கீத் யேட்ஸ், ஜெரி டெய்லர், ஷாரி வேட் ஆகியோரின் குழுக்கள் தலையில் அடிபட்ட பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தன. காயம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதோடு, வீட்டில் பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் பிள்ளை தேறுவதை மாற்றுகிறது என்று கண்டன. அதட்டலும் அடியுமான வீட்டில் பிள்ளையின் நடத்தை இன்னும் கெடுகிறது. பொறுமையும் ஒழுங்குமுள்ள வீட்டில் தேறுகிறது. சின்னப் பிள்ளை என்றால் மூளை தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையையும் விடுங்கள். மெல்பேர்னில் விக்கி அண்டர்சனின் ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. கடுமையான காயம் எவ்வளவு சிறிய வயதில் படுகிறதோ, அவ்வளவுக்குப் பின்விளைவு கூடலாம், ஏனென்றால் அந்த மூளை இன்னும் கற்காதவை அதிகம். ஐந்து வயதில் விழுந்த பிள்ளைக்கு ஆறாம் ஆண்டில்தான் கணக்கு ஏறாமல் நிற்கலாம். அப்போது பழைய விழுகை யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள். கரும்பலகையில் எழுதியதைக் கொப்பிக்கு இறக்க மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். தலையிடி என்றால் மேசையில் தலைசாய்க்க விடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் பாடசாலையின் பேர் கெட்டுவிடும் என்று பயந்து அவனைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். உம்மாமாரே, டியூஷன் வகுப்பு ஒரு தவணைக்கு நின்றால் குடி முழுகிப்போகாது.

இவ்வளவும் அடிபட்ட பிறகு செய்யவேண்டியது. அடிபடாமல் செய்வது இதைவிட மலிவு. மோட்டார் சைக்கிள்காரருக்கு ஹெல்மட் தலைக்காயத்தை 69 வீதமும் மரணத்தை 42 வீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மதிப்பாய்வு 2008இல் சொன்னது. பின்னால் இருப்பவரும் ஹெல்மட் போடவேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். காரைதீவுச் சந்தியில் பின்னேரம் கால்மணித்தியாலம் நின்று பாருங்கள். வாப்பா ஹெல்மட் போட்டிருப்பார். பொலிஸ் நிற்கும் என்ற பயம் அவருக்கு. உம்மாவும் போட்டிருப்பா. டாங்கில் குந்தியிருக்கிற மூன்று வயதுக்கு ஒன்றுமில்லை. நடுவில் நெரிபடுகிற ஏழு வயதுக்குத் தொப்பி இருக்கும், மதரசாத் தொப்பி.

2024 நவம்பர் 26 அன்று, வெள்ளம் பாய்ந்த மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. ஊருக்கு ஊர் திரண்டு பிள்ளைகளின் ஜனாஸாக்களைத் தேடினோம். யார் ஏற்றினார், யார் விட்டார் என்று நாடே கேட்டது. கேட்டது சரிதான். ஆனால் வெள்ளம் வராத நாட்களில் அதே வீதியில் அதே வயதுப் பிள்ளைகளைப் பைக்கில் மூன்று பேராக ஏற்றிப் போகும்போது ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஏற்றுபவர்கள் நாம்தான் என்பதால் இருக்கலாம்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, வருகிற ஜும்ஆவில் கதீபிடம் சொல்லி இதைப் பேசவையுங்கள். 1990 என்ற எண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். லைசன் இல்லாத மகனுக்குச் சாவி கொடுத்த வாப்பாவிடம் நேரே போய்ப் பேசுங்கள். அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் பேசுங்கள். பெருநாளைக்கு உடுப்பு எடுக்கக் கல்முனைக்குப் போகும்போது பிள்ளையின் தலையளவுக்கு ஒரு ஹெல்மட்டும் எடுங்கள். சின்ன சைஸ் இல்லை என்று கடைக்காரர் கைவிரித்தால், கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால் முதலாளி வரவழைப்பார்.